பெயர் எழுதாத துண்டு

“அகஸ்டினா டீச்சருக்குப் பெரிய துண்டா வைங்க” என்று கிசுகிசுத்தார் புடவைக்கடை அஸீஸ்.

விஜயலெட்சுமி ஒன்றுக்கு இரண்டாகவே கேக்கை எடுத்து வைத்தாள். அகஸ்டினா தட்டை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, மடியிலிருந்த தங்கநிறத் தாளைக் கத்தரிக்கத் தொடங்கினாள்.

சிங்கராயர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனசு என்னவோ செய்தது.

பதுளையில் அவர்களுடைய வாசகர் வட்டம் மாதாமாதம் பௌர்ணமிப் போயா விடுமுறையில் கூடும். தலைவர் சிங்கராயர், தமிழாசிரியர். இந்த மாதத்து நாவலைத் தேர்ந்தெடுத்தவரும் அவரேதான். மலையில் தேயிலை வருவதற்கு முந்திய கோப்பிக் காலத்துக் காதல் கதை. பெரிய கங்காணியின் தங்கை மரகதத்தை நாற்பது வயது வரைக்கும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் குதிரையில் தபால் கொண்டுவருகிறவன் பார்க்கிறான்.

அகஸ்டினாவுக்கு நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். நாலு வருஷமாக வட்டத்துக்கு வருகிறாள். வந்தால் எப்போதும் பின்வரிசைதான்.

அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான் சிங்கராயர் அந்த நாவலை எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால்தானே நல்ல காரியம்?

இப்போது சந்தேகம் வந்துவிட்டது. இது ஆறுதலா, இல்லை புண்ணைக் கிளறுவதா? ஐம்பத்தைந்து வயதாகியும் ஒரு நன்மையைக்கூடத் தயங்காமல் செய்யத் தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

“என்ன டீச்சர் வெட்டுறீங்க?” என்று கேட்டான் ரமேஸ். ஹாலிஎலவில் போன் கடை வைத்திருப்பவன்.

“கிரீடம் தம்பி. கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பிள்ளைங்க நாடகம் போடுதுங்க. கதையில மூணு ராசாதான். நம்ம ஆளுங்க முப்பத்திரண்டு பேரும் ராசாவாத்தான் நிப்பாங்களாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அகஸ்டினாவும் சிரித்தாள். பாவம், எப்படி மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் சிங்கராயர்.

“சரி, டின்னைத் திறப்பமா?” என்றார்.

பழைய பிஸ்கட் டின் அது. நாவலைப் பற்றிய கருத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து அதில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. சிங்கராயர் போட்ட சட்டம். ‘ஆளைப் பார்த்துக் கருத்தை எடைபோடக் கூடாது’ என்பார்.

முதல் தாளைப் பிரித்தார்.

“‘மரகதம் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கும் இடத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அழுதேன்.’”

விஜயலெட்சுமி மூக்கை உறிஞ்சினாள். எழுதியது யாரென்று தெரிந்துபோயிற்று.

அடுத்தது.

“‘தபால்காரன் இருநூறாம் பக்கத்தில்தான் வருகிறான். குதிரை வைத்திருப்பவனுக்கு இவ்வளவு சுணக்கமா?’”

“ரமேஸு!” என்று நாலைந்து குரல்கள்.

“குதிரைய வித்துப்போட்டு நம்ம பஸ்ஸில ஏறியிருப்பான்” என்றார் அஸீஸ்.

சிரிப்பு அடங்குமுன் மூன்றாவது தாளையும் பிரித்து, யோசிக்காமல் வாசிக்கத் தொடங்கிவிட்டார் சிங்கராயர்.

“‘இருபது வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து, எவனாவது பார்க்கமாட்டானா என்று ஏங்குகிறாள். இவளுக்கு வேறு வேலையே கிடையாதா? எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. இப்படி உட்கார்ந்திருப்பவளை யார்தான் பார்ப்பான்?’”



எல்லாத் தலைகளும் ஒருசேரப் பின்வரிசைக்குத் திரும்பின. அதே வேகத்தில் முன்னால் திரும்பிக்கொண்டன. அகஸ்டினாவின் கையில் கத்தரிக்கோல் நின்றுபோயிருந்தது.

“அடப் பாவிகளா!” என்றாள் விஜயலெட்சுமி.

“சத்தியமா நான் இல்ல சேர்” என்றான் ரமேஸ், யாரும் கேட்காமலே.

சிங்கராயர் எழுந்தார். இப்போது அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு, தான் செய்யப்போவது சரிதான் என்று இவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது!

“யாரு எழுதினது?” குரல் கணீரென்று வந்தது. “பேரு போடக் கூடாதுன்னு சொன்னது நான்தான். அந்தச் சட்டத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு ஒருத்தர் மனசப் புண்படுத்துவீங்கன்னா, அந்தச் சட்டமே வேணாம். கல்யாணம் ஆகாதது ஒரு குத்தமா? அதுக்காக ஒரு பொம்பளைய இப்படிக் குத்திக் காட்டலாமா?”

“அப்படிக் கேளுங்க சேர்!” என்றார் அஸீஸ்.

“எழுதினவங்க இப்பவே எந்திரிங்க. எந்திரிச்சு, எல்லார் முன்னாலயும் அகஸ்டினா டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க!”

படபடவென்று கைதட்டினார்கள். விஜயலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அகஸ்டினா எழுந்து நின்றாள். மடியிலிருந்து தங்கத்தாள் துணுக்குகள் உதிர்ந்தன.

“நீங்க ஏன் டீச்சர் எந்திரிக்கிறீங்க? நீங்க உட்காருங்க. நாங்க இருக்கோம்” என்றார் சிங்கராயர் கனிவாக.

“எழுதினவங்கள எந்திரிக்கச் சொன்னீங்களே சேர். நான்தான் எழுதினேன். மரகதத்தப் பத்தி.”

தொடாமல் இருந்த இரண்டு கேக் துண்டுகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“அதில என் பேர எழுதினது யாரு?”