போனில் சொல்ல வேண்டிய சொல்

மணிவேலும் கவிநிலாவும் ஒரே கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி புரோகிராம் எழுதினார்கள். சர்வர் பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை, புரோகிராம் எழுதும் எடிட்டர் மென்பொருளிலேயே பூட்டி லிங்க்காக அனுப்பிக்கொள்வார்கள். லிங்க் சாட்டில் வரும். திறக்கும் சொல்லைப் போனில்தான் சொல்வார்கள். குறித்த கெடு முடிந்தால் உள்ளே இருப்பது தானாக அழிந்துவிடும்.

தன்னிடம் சொல்லாமல் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டானே என்று அவளுக்குக் கோபம். கடைசி லிங்க் வந்த அன்று அவன் திரும்பத் திரும்ப அழைத்தும் அவள் எடுக்கவில்லை. மறுநாள் செங்கம் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, பௌர்ணமி முடிந்த காலை, கிரிவலத்தில் இருவரும் வழக்கமாக டீ குடிக்கும் அடி அண்ணாமலைக் கடைக்குப் போனாள். கடைக்காரி தனத்துக்கு அவன் இறந்தது தெரியாது.

“நேத்து மணிவேல் தம்பி தனியா நடந்து வந்துச்சும்மா. நீ போனே எடுக்க மாட்டேங்கிறியாமே? ‘எருக்கம்பூ’ன்னு மட்டும் உங்கிட்ட சொல்லச் சொல்லிச்சு.”

“டீ குடிச்சானாக்கா?”

“வேணான்னுடுச்சு. டைம் ஆயிடுச்சுன்னு வேகமா போயிடுச்சு.”

கவிநிலா கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் அந்தப் பழைய லிங்க்கைத் தேடித் திறந்தாள். ‘எருக்கம்பூ’ என்று அடித்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது. ‘சொல் சரி. கெடு முடிந்ததால் செய்தி நேற்றிரவு அழிக்கப்பட்டது.’