இன்னும் ஒரு ரவுண்டு

இப்படிக் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

ஒரு கார் ஷோரூம். அதில் ஒரு சேல்ஸ்மேன். பட்டப்பெயர் ‘உறுமல்’. வந்தவரை உள்ளே உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிப்பார். “கேட்டீங்களா சார்? புலி!” அவ்வளவுதான், ஆள் அங்கேயே விழுந்துவிடுவார்.

இப்போது எலக்ட்ரிக் கார் வந்துவிட்டதா? என்ன மிதி மிதித்தாலும் அது மூச்சு விடவில்லை. உறுமலுக்கு வாய் அடைத்துப்போனது. ஒன்றுகூட விற்கவில்லை.

“இன்னிக்கும் விக்கலைன்னா நாளையிலேர்ந்து உங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்தான்” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மானேஜர்.

மத்தியானம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். தோளில் கைக்குழந்தை. ஒரே அலறல்.

“ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமாண்ணா?” அவள் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. “எங்க பழைய வண்டியில இவன் அசந்தாலும், சிக்னல்ல நின்னு கிளம்புற உதறல்ல முழிச்சுக்கறான்.”

மூவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு உறுமலே ஓட்டிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கார் திரும்பி வந்தது. உள்ளே நுழையவில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

“என்னம்மா இவரு, நம்ம வாசலை மறந்துட்டாரா?” மானேஜர் ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டார்.

மறுபடி வந்தது. மறுபடி போனது.

“இவர் சுத்துற சுத்துல ரோடே தேஞ்சுடும் சார்” என்று சிரித்தாள் அவள்.

மானேஜர் போன் போட்டார். உறுமல் கட் செய்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது மானேஜருக்கு. அடுத்த சுற்றில் ஓடிப்போய்க் காரை மறித்தார்.

“யோவ்! விக்கச் சொன்னா சவாரி...”

கண்ணாடி இறங்கியது. உதட்டில் விரல் வைத்திருந்தார் உறுமல்.

பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது. அம்மா வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். அவள் தோளில் சாய்ந்து புருஷனும் குறட்டை.

மானேஜர் முகம் மலர்ந்துவிட்டது. குரலும் இறங்கிவிட்டது.

“அட கில்லாடி! தூங்க வச்சே கவுத்துட்டீரே! சரி, எழுப்பும். கையோட கையெழுத்து வாங்கிடலாம்.”

“முதல் ரவுண்டுலயே இதே வண்டிதான்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார் சார். போன்லயே புக் பண்ணியாச்சு.”

“அப்புறம் எதுக்குய்யா இத்தனை ரவுண்டு?”

“அந்தப் பொண்ணு அப்பத்தான் சார் கண்ணை மூடுச்சு.”

பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் கை வைக்கப் போக, மானேஜர் “உஷ்ஷ்!” என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அவரை நோக்கி ஓடினார்.

உறுமல் சார்ஜைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. கண்ணாடியை மெதுவாக ஏற்றிவிட்டு, அடுத்த ரவுண்டுக்குக் கிளம்பினார்.