ஜூரிக் – ஹெல்சின்கி: இரண்டே முக்கால் மணி நேரம்

மதியம் ஒரு மணிக்கு வள்ளி ஜூரிக் வீட்டுக்கு போன் போட்டாள். ஆன்சரிங் மெஷின்தான் எடுக்கும், “வந்ததும் கூப்பிடு” என்று சொல்லி வைக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

மகன் சபரியே எடுத்தான்.

“பாத்துட்டு வந்துட்டேம்மா. செட் ஆகலை. ஏர்போர்ட்லயே காபி குடிச்சோம், அதையும் அவ வெள்ளை ஸ்வெட்டர்ல கொட்டித் தொலைச்சுட்டேன். விடும்மா.”

அவனுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது ஜாதகம் தட்டிப்போய், பத்தாவதாகப் பொருந்தியவள் சான் ஹோசே ருக்மிணியின் மகள் வான்மதி. அவளை செல்போன் கம்பெனி ஹெல்சின்கிக்கு அனுப்பியிருந்தது, இவனை வங்கி ஜூரிக்குக்கு. இரண்டும் யூரோப்தானே, இங்கே எடிசனிலிருந்து பக்கத்து ஊர் ஐசலின் போகிற மாதிரி ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்று விரட்டியது வள்ளிதான். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டபோதுகூட, ஷூ போட்டுக்கொண்டிருக்கிறேன், கிளம்பிவிட்டேன் என்றான்.

காபி கொட்டியதற்கெல்லாம் ஒரு சம்பந்தத்தை விட்டுவிடுவாளா வள்ளி? அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் அனுப்பிவிடுவது என்று, ஓக் ட்ரீ ரோட்டு டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

ஆயிரத்து நூறு மைல், நேராகப் பறந்தாலே ஒரு வழிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும் ஆன்ட்டி என்றார் அவர்.

வள்ளி விரல் விட்டு எண்ணினாள். போக வர ஐந்தரை. எட்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே இருப்பது ஐந்து. இதில் எப்போது காபி வாங்கினான், எப்போது கொட்டினான்?

அட படுபாவி! வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

 நன்றாக நாலு வாங்கு வாங்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுக்கப் போனாள். அதற்குள் அதுவே அடித்தது.

ருக்மிணி. அழாத குறை.

“பொண்ணு வேண்டாங்கறாளுங்க. தம்பி ஏர்போர்ட்டுக்கு வந்தாராம், வெள்ளை ஸ்வெட்டர்ல காபியைக் கொட்டிட்டாராம். இதெல்லாம் ஒரு காரணமுங்களா?”

 

போகாத ஊரில் குடிக்காத காபி, இரண்டு பேர் வாயிலும் ஒரே ஸ்வெட்டரில் கொட்டியிருக்கிறது. கூடிப் பேசாமல் இது எப்படி வரும்? எத்தனை நாளாகப் பேசுகிறார்களோ, கள்ளப் பசங்கள்! பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வள்ளி இந்நேரம் மண்டபம் பிடித்திருப்பாள். அது அவளுக்கே தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்? அதற்குப் பயந்துதான் இந்தக் காபி.

“விடுங்க ருக்மிணி, கொஞ்ச நாள் நாம சும்மா இருப்போம்” என்றாள்.

வாழ்நாளில் அவள் சொல்லாத வார்த்தை. கணவர் சேனாபதி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜூரிக்குக்கு போன் போட்டாள். மெஷின் எடுத்தது. ஒன்றும் பேசாமல் வைத்தாள்.

ஒரு மணிக்கும் மெஷின். மூன்று மணிக்கும் மெஷின்.

ஐந்து மணிக்கு சேனாபதியே பதறிப்போய், பையன் எங்கே போய்த் தொலைந்தான் என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

வள்ளி பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள்.