சுருட்டை முடிக்குத் தனி ரூல்

“எவ என் பொண்ணு ஜடையை அவுத்தது?”

ஆறாம் வகுப்பு வாசலில் நின்று சகாதேவன் போட்ட சத்தத்தில், பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள்.

வேர்க்கடலை மண்டியில் லாரிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக் கட்டுகிறவன். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தான். சட்டையெல்லாம் தூசி.

சந்திரகலா டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்க. என்ன விஷயம்?”

“காலையில நான் பின்னி அனுப்பறது ஒரு ஜடை. சாயங்காலம் ஊட்டுக்கு வர்றது வேற ஜடை. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கறேன். ரிப்பன்ல என் முடிச்சே இல்ல! அதான் இன்னிக்கு நடுவுலயே வந்தேன். தோ, இப்ப பாருங்க, எப்பிடிக் கலைஞ்சு கெடக்குதுன்னு!”

முன் பெஞ்சில் வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். சுருட்டை முடி அவிழ்ந்து தோளில் பொங்கி நின்றது.

“தானா அவுந்திருக்கும்.”

“தானாவா?” சகாதேவன் சிரித்தான். அது சிரிப்பே இல்லை. “நான் லாரியில கட்டுன கவுறு மெட்ராஸ் போய்ச் சேர்ற வரைக்கும் அவுந்ததில்ல டீச்சர். என் பொண்ணு ஜடை எப்பிடி அவுரும்? எவளோ வேணும்னே அவுத்திருக்கறா. யாருன்னு தெரியாம நான் போவ மாட்டேன்.”

வினோதினி நிமிர்ந்து டீச்சரையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“யாரும் இல்ல. நான்தான் அவுத்தேன்,” என்றாள் சந்திரகலா.

அவ்வளவுதான்.

“நீங்களா? படிச்சவங்கதானே நீங்க? இவ அம்மா குவைத்துல ஊட்டு வேலை பாக்கறா. போறப்ப இன்னா சொன்னா தெரியுமா? ‘எல்லாரும் கிராப் வெட்டி உடுன்னுதான் சொல்லுவாங்க, வெட்டிடாதய்யா, நான் வர்ற வரைக்கும் அந்த முடியைப் பாத்துக்கோ’ன்னா. எஸ்.டி.டி. பூத்துக்கு அவ போன் போட்டா, மொதல்ல கேக்கறதே முடியைத்தான். விடியறதுக்குள்ள எழுந்து, பேன் சீப்பு போட்டு வாரி, ஒரு மயிரு வெளிய வராம இறுக்கிப் பின்றேன். நீங்க நோகாம அவுத்து உட்டுடுவீங்களா?”

“அப்படித்தான் பின்னக் கூடாது. ஸ்கூல் ரூல்.”

“இன்னா ரூலு?”

“சுருட்டை முடிப் பிள்ளைங்களுக்குத் தனி ரூல் இருக்கு. காஞ்ச முடியில சீப்பே படக் கூடாது. தண்ணி தெளிச்சு நனைச்சு, எண்ணெய் தடவி, அகலப் பல் சீப்பால நுனியில இருந்து சிக்கெடுத்துக்கிட்டே மேல போகணும். பின்றது தளர்வா இருக்கணும். நாளைக்கு அப்படி வரலைன்னா இவ வாசல்லதான் நிப்பா.”

“அப்ப நேர் முடிக்கு இன்னா ரூலு?”

“அதுக்கு ரூல் கிடையாது.”

“கேட்டுக்குங்கய்யா! சுருட்டைன்னா இவங்களுக்கு அவ்ளோ எளக்காரம்! மொதல்ல உங்க தலையைப் பாருங்க டீச்சர், சாக்குல பிரிஞ்ச சணல் மாதிரி நிக்குது!”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஜோதியம்மாள் டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

சந்திரகலா காதோரம் சுருண்டு நின்ற முடியை ஒதுக்கிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

“வாசல்லதான் நிப்பா,” என்றாள் மறுபடியும்.

“நல்லா இருங்க! ஏழைப் பொண்ணுன்னா எது வேணா செய்யலாம்!” சகாதேவன் கத்திக்கொண்டே கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் காலை. தேரடி வீதியில் வாங்கிய அகலப் பல் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பல்லு போன கெழவி மாதிரி இருக்குது. இதுல வாரணுமாம். ரூலாம் ரூலு!”

வினோதினி எப்போதும்போல ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்தாள்.

அவன் தண்ணீர் தெளித்தான். டீச்சரைத் திட்டினான். எண்ணெய் தடவினான். ஸ்கூலைத் திட்டினான். நுனியில் சீப்பை வைத்தான். சிக்கு வழுக்கிக்கொண்டு பிரிந்தது.

ரிப்பன் வாயிலிருந்து நழுவி அவள் மடியில் விழுந்தது.

“ரிப்பனை ஒழுங்காப் புடி கண்ணு. அது கீழ வுந்தா அதுக்கும் ஒரு ரூலு வெச்சிருப்பா உங்க டீச்சரு.”

வினோதினி களுக்கென்று சிரித்தாள். தலை வாரும்போது அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. ஆனால் அவனுக்கு இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்து, டீச்சர் காதில் விழுகிற மாதிரி, “தோ, உங்க ரூல்படி பின்னியாச்சு! திருப்திதானே?” என்று கத்திவிட்டுத்தான் மண்டிக்குப் போனான்.

ஜோதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா சந்திரகலா, நானும் இங்க வேலைக்கு வந்த நாளா பாக்கறேன். நம்ம ஸ்கூல்ல ஏதும்மா இப்படி ஒரு ரூல்? அந்தப் பொண்ணு ஜடையை எதுக்கு அவுத்த?”

“நான் அதைத் தொட்டதே இல்ல டீச்சர். வலி தாங்காம அவளே பாத்ரூம்ல நின்னு அவுத்துக்கறா. சாயங்காலம் பக்கத்து பெஞ்சுப் பொண்ணு பின்னி உடுது. ‘வலிக்குதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியவே கூடாது டீச்சர், அம்மா மாதிரியே பின்றேன்னு சந்தோஷமா இருக்கறாரு’ன்னு என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதா.”

“அதுக்காக இத்தனை பேர் முன்னாடி இவ்ளோ திட்டு வாங்குவியா?”

“உண்மையைச் சொன்னா அந்த மனுஷனுக்கு அழுகை வரும் டீச்சர். ரூலுன்னா கோவம்தானே வரும்? வந்துட்டுப் போகட்டும்.”