பத்து நிமிட ஞாபகம்

வால்மீன் இன்றைக்கும் அவளுக்கு முன்பே வேலைக்கு வந்திருந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. பையிலிருந்து இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று தனக்கு. இன்னொன்றை நினைத்தபோது, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வெட்கமாக இருந்தது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ஞாயிறு மேடம்’ என்று பெயர். சனிக்கிழமை கண்ணாடித் தட்டுகளில் வளரவிட்ட கிருமிகளை மறுநாள் யாராவது வந்து எண்ணியாக வேண்டும். எல்லாரும் முறை வைத்துச் செய்த வேலையை, இரண்டு வருடங்களாக அவள் ஒருத்தியே கேட்டு வாங்கிக்கொண்டாள். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குக்கர் மட்டும்தான் அவளோடு பேசும்.

எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன், அதில் வேறு யாருடைய வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பட்டியலைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் இரண்டே பெயர்கள். ஒன்று அவளுடையது, மற்றது வால்மீன். ஆளாளுக்குப் பிடித்த பட்டப்பெயரை அதில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அது யாரென்று அவளுக்குத் தெரியாது.

கட்டடத்தின் ஏதோ ஓர் அறையில், தன்னைப் போலவே வீடு திரும்ப அவசரமில்லாத ஒரு மனுஷன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. மத்தியானம் பட்டியலை இன்னொரு முறை பார்ப்பாள். “சாப்பிடலாமா?” என்று திரையைக் கேட்டுவிட்டு டப்பாவைத் திறப்பாள்.

அடுத்த வாரத்திலிருந்து கிருமிகளை எண்ண இயந்திரம் வருகிறது. அவளுக்கு இதுதான் கடைசி ஞாயிறு. இன்றைக்காவது ஆளைப் பார்த்துவிடுவது என்று கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஃபோன் போட்டாள். விடுமுறை நாளில் யார் இருக்கப்போகிறார்கள் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க மேடம்.”

“வால்மீன்னு ஒருத்தர் இருக்காரே... எந்த ரூம்ல உட்கார்ந்திருக்கார்னு தெரியுமா?”

“நானே மேல வர்றேன்” என்றது மறுமுனைக் குரல்.

அவள் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டாள்.

வந்தவரை எல்லாரும் ‘வயர் சார்’ என்பார்கள். தலை நரைத்தவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவர். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து, அதைப் பிடித்தபடியே வாசலில் நின்றார்.

“நீங்கதானா அது?” என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இல்ல மேடம். நீங்க ஞாயித்துக்கிழமை வர ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே அவர் வேலையை விட்டுப் போயிட்டார்.”

“என்ன சார் விளையாடுறீங்க? இதோ இருக்காரே!”

“அது அவர் இல்ல. ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரின்னு குறிக்க அவர் எழுதின புரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.”

“பேரு வருதே?”

வயர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கம்ப்யூட்டருக்கு ஆளோட நம்பர்தான் தெரியும். இந்த நம்பர் யாருதுன்னு ஆபீஸ் பதிவேட்டுல போய்க் கேட்கணும். தடவைக்குத் தடவை கேட்டா நேரமாகும்ல? அதுக்காகவே பின்னாடி சத்தமில்லாம இன்னொரு புரோகிராம் இருக்கு. ஒரு தடவை கேட்ட பேரை ஞாபகம் வெச்சுக்கிட்டு, அடுத்த தடவை தானே சொல்லிடும். பதிவேட்டுல அந்தப் பேரை அழிச்சுட்டாக்கூட அதுக்குத் தெரியாது.”

அவள் இரண்டாவது டப்பாவை மெல்லப் பைக்குள் தள்ளினாள். கிட்டத்தட்ட நூறு மத்தியானங்கள். அத்தனை நாளும் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள்.

“அப்போ இந்தக் கட்டடத்துல நான் தனியாத்தான் இருந்தேனா சார்?”

அவர் தரையைப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் தட்டுகளை எண்ணிப் பழகிய மூளை. அழுகைக்கு நடுவிலும் ஏதோ கணக்கு உதைத்தது.

“அந்தப் புரோகிராம் ஒரு பேரை எவ்வளவு நேரம் ஞாபகம் வெச்சிருக்கும்?”

“பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷமா! அப்புறம் ரெண்டு வருஷமா எப்படி சார் வருது?”

வயர் சாரின் கை கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டது. “அழிச்ச பேரை அதுல திரும்பப் போட்டு, மறக்கவே கூடாதுன்னு நான்தான் மாத்தி வெச்சேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “எதுக்கு? ஒரு பொம்பளை ஏமாறுறதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா?”

“ஐயோ, இல்ல மேடம்!” அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். “அவர் போனதுமே அந்தப் பேரை எடுத்துட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை நீங்க பதினோரு தடவை பட்டியலைத் திறந்து பார்த்தீங்க.”

“அதனால?”

“அன்னைக்கு இந்தக் கண்ணாடிக் கதவு வழியாப் பார்த்தேன். நீங்க சாப்பிடாமலே வீட்டுக்குப் போயிட்டீங்க.”