ஒரு சாண்

“தள்ளி நில்லுங்கம்மா. உயிர் வந்ததும் அந்த ஈட்டி முதல்ல உங்களைத்தான் குத்தும்” என்றார் மந்திரக்காரர்.

மெத்தைக்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈட்டி முனைக்கும் கணவரின் நெஞ்சுக்கும் நடுவே இருந்ததே ஒரு சாண் இடம்தான். அதில் தான் தைத்துக் கொண்டுவந்த திண்டை மெல்லச் செருகிக்கொண்டிருந்தாள். பஞ்சை அடி அடியென்று அடித்து, அடுக்கடுக்காக வைத்து, கெட்டித் துணி போட்டுத் தைத்த திண்டு.

அந்தப் போர்க்களத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் உலகத்தில் கிடையாது. மலைக்கு இந்தப் பக்கத்து ராஜாவுக்கும் அந்தப் பக்கத்து ராஜாவுக்கும் சண்டை. வெட்டுக்குத்தைப் பார்த்து வெறுத்துப்போன பெரிய மந்திரவாதி ஒருவர், உச்சி வெயிலில் ஒரே ஒரு சொல் சொன்னார். அவ்வளவுதான். ஓங்கிய வாள் ஓங்கியபடி, ஓடிய குதிரை ஓடியபடி, இரண்டு படையும் கல்லாகிவிட்டன. ராஜாக்கள் இருவரும் அரண்மனையில் பத்திரமாக இருந்தார்கள். அது எப்போதும் நடப்பதுதானே.

பாட்டுக் கட்டினார்கள். தேசம் தேசமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள். மெத்தைக்காரிக்கு அது வேடிக்கை இல்லை. முதல் வரிசையில் நிற்பவர் அவள் புருஷன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தேடிக் கண்டுபிடித்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

காலையில் கடை திறக்கும் முன் வந்துவிடுவாள். காக்கை எச்சத்தைத் துடைப்பாள். துடைத்துக்கொண்டே வீட்டுக் கதை அத்தனையும் சொல்லுவாள். கூரை ஒழுகியது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, பஞ்சு விலை ஏறியது, ஒன்று பாக்கி இருக்காது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். புருஷனிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

எதிரே ஈட்டியோடு நிற்கிறவன் அந்தப் பக்கத்து ஆள். மலைப்பாதை அடைபட்டுவிட்டதால் அவனைத் தேடி யாரும் வரவில்லை. ஆரம்பத்தில் அவனுக்கு வசவு மட்டும்தான் கிடைத்தது. ‘படுபாவி’ என்றே பெயர் வைத்துவிட்டாள். ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் முகத்தில் எச்சம் வழிந்தால் பார்க்கச் சகிக்குமா? அவனையும் துடைத்தாள். மழைக்காலத்தில் கணவர் தலையில் சாக்கைக் கட்டினால், இன்னொன்றை அவன் தலையிலும் கட்டினாள். மகள் நடை பழகியதே படுபாவியின் முழங்காலைப் பிடித்துத்தான்.

இப்போதுதான் பெரியவரின் சீடரான இந்த மந்திரக்காரர் மாற்றுச் சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார். முதலில் என் புருஷனைத்தான் எழுப்ப வேண்டும் என்று மெத்தைக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். அவர் கழுத்தில் விரிசல் விட்டிருந்தது, இன்னொரு மழை தாங்காது. ஆனால் எழுப்புவதிலும் ஒரு சிக்கல். ஒருவன் காலை ஒருவன் மிதித்தபடி நின்றதால், இருவரையும் சேர்த்துத்தான் எழுப்ப முடியும். ஈட்டியை உடைக்கலாம் என்றால், ஆளும் ஈட்டியும் ஒரே கல். உடைத்தால் இரண்டு பேருமே பொடியாகிவிடுவார்கள்.

“அவங்களுக்கு இது கண் சிமிட்டுற நேரம்தான்மா. குத்த வந்த கை குத்தித்தான் நிக்கும். கேடயத்தையே துளைக்கிற ஈட்டி, பஞ்சு எங்க தாங்கப்போகுது?”

“ஒரு மூச்சு நேரம் தாங்கினா போதும் ஐயா. அதுக்குள்ள பொண்ணு இழுத்துருவா.”

மகள் அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கல்லாகவாவது இருக்கட்டுமே, கண்ணால் பார்த்துக்கொண்டாவது இருக்கலாமே என்று அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தவள் அவள். அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவளைத் தேற்றுவதற்காக, “உங்கப்பா அதே வயசுலயே நிக்கிறாரு, எனக்குத்தான் நரைச்சுப்போச்சு. என்னை அக்கான்னு கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு” என்று மெத்தைக்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கணவரின் கன்னத்தைத் துடைத்தபடி, வழக்கம்போல அன்றைய சேதியைச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். நல்ல இடம்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் மெத்தை தைக்கக் கூடாதாம்.

“என்ன சொல்றீங்க? இத்தனை வருஷத்துல ஒரு கேள்விக்காவது பதில் சொல்லியிருக்கீங்களா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றவன் பக்கம் திரும்பினாள். “டேய் படுபாவி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். கொஞ்சம் மெதுவாக் குத்துடா.”

மந்திரக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “கல்லுக்குக் காது ஏதும்மா?”

அவள் திண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இனி இவளைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் புரிந்தது. பெருமூச்சு விட்டு, சொல்லைச் சொன்னார்.

கல்லில் ஒரு நடுக்கம் ஓடியது. கயிறு விறைத்தது. மெத்தைக்காரி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

திண்டின்மேல் எதுவும் மோதவில்லை. காலடியில் ஏதோ ‘டங்’கென்று விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது ஈட்டி தரையில் கிடந்தது. மகள் இழுத்த இழுப்பில் மல்லாந்து விழுந்திருந்த கணவர், இவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தார். எதிரே படுபாவி, கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கூச்சத்தோடு நின்றான்.

“அந்த மாப்பிள்ளை வீடு வேண்டாம் அண்ணி” என்றான். “நம்ம பொண்ணைத் தைக்கக் கூடாதுன்னு சொல்ல அவங்க யாரு?”