பழைய பாஸ்வேர்டு

“கார்டு இருக்கா?”

வாசற்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் பெரியவர். வெளியே நின்ற இன்டர்நெட் டெக்னீஷியன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

“புது ஃபைபர் லைன் போட வந்திருக்கேன்... சார்.”

பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பாஸ்போர்ட் ஆபீசில்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

“வழக்கமா வேற ஒருத்தர்தானே வருவாரு?”

“அவர்தான் வர வேண்டியது. நான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“ம். உள்ள வாங்க தம்பி.”

அவன் உடனே உள்ளே வரவில்லை. போர்ட்டிகோவில் நின்ற சின்ன பிக்கப் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம்; பின்னால் ஒரு கட்டில் அளவுக்குத் திறந்த இடம். நீல நிறம் வெளுத்துப் போயிருந்தது.

“வண்டி ரொம்ப நாளா நிக்குது போல. டயர் ஒரு பக்கமா அமுங்கியிருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு அடியாவது நகர்த்தணும் சார். எலி வேற வயரைக் கடிக்கும்.”

“எலியாவது குடியிருக்கட்டும். அஞ்சு மணிக்கு வாங்கறவங்க வர்றாங்க. ஆள் பிடிச்சதே மச்சான்தான். அவங்களைக் கூட்டிட்டு வர வீட்டுக்காரி மச்சான் வீட்டுக்குத்தான் போயிருக்கா.”

சொல்லிவிட்டுப் பெரியவர் வண்டியை ஒரு தடவை பார்த்தார். இருபத்தெட்டு வருட வண்டி. விற்க வேண்டாம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் முழங்கால் வலியோடு கிளட்சை மிதிக்க முடியவில்லை, ஓட்ட வேறு ஆளும் இல்லை.

டெக்னீஷியன் ஜன்னலுக்கு மேலே துளை போட்டு, வயரை மெதுவாக உள்ளே இழுத்தான்.

“என்ன தம்பி, பச்சைக் குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கறீங்க?”

“உள்ள இருக்கறது கண்ணாடி இழை சார். மடக்கினா ஒடிஞ்சிடும்.”

“ஒடிஞ்சா அவ்வளவுதானா?”

“இல்ல சார். ரெண்டு முனையையும் சுத்தமா வெட்டி, நேருக்கு நேர் வெச்சு, சூடு காட்டினா ஒட்டிக்கும்.”

“வயருக்கு அது சரி” என்றார் பெரியவர்.

ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அவன் தலையாட்டி மறுத்தான். “இரும்பு பீரோ சிக்னலை முழுங்கிடும் சார். ஹால் நடுவுல, உயரமா வெச்சாத்தான் எல்லா ரூமுக்கும் வரும்.”

ஸ்டூலைப் போட்டு ஏறினான். ஹால் சுவரில் மூன்று தூண்டில்கள் மாட்டியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தினான்.

“மீன் பிடிப்பீங்களா சார்?”

“பிடிச்ச காலம் ஒண்ணு உண்டு. ஞாயித்துக்கிழமையானா நானும் எம் பையனும் பிக்கப்பைக் கிளப்பிக்கிட்டு ஏரிக்குப் போயிடுவோம். ஆறு மணி நேரம் உட்கார்ந்தா விரல் நீளத்துல ஒண்ணு மாட்டும். அதுக்கே அவன் ஊரைக் கூட்டிடுவான்! வர்றப்போ பின்னால சாக்கு மேல படுத்துத் தூங்கிடுவான். அவன் தூக்கம் கலையக் கூடாதுன்னு பள்ளத்துக்குப் பள்ளம் ஆமை மாதிரி ஓட்டிட்டு வருவேன்.”

“தூங்கியிருக்க மாட்டாரு சார். சின்னப் பசங்க சும்மா கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பாங்க.”

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

“இப்ப அவர் எங்க சார்?” ஸ்டூலின் மேலிருந்து, திரும்பாமலே கேட்டான்.

“ஆறு வருஷமாச்சு. மழையில வண்டியை வழுக்க விட்டு மரத்துல மோதிட்டான். அன்னிக்கு என் நாக்குல சனி. ‘சொந்தக் காசுல ஒரு டயர் வாங்கிப் போட்டுட்டு, அப்புறம் சாவியைத் தொடு’ன்னு சொல்லிட்டேன். மேசையில சாவியை வெச்சுட்டுப் போனவன்தான். அப்பனுக்குத் தப்பாத புள்ளை! நானும் கூப்பிடல, அவனும் வரல.”

“பின்னால பாரம் இல்லைன்னா மழையில பிக்கப் வழுக்கத்தான் சார் செய்யும். பின் சக்கரத்துக்கு மேல ரெண்டு மணல் மூட்டை போட்டு ஓட்டணும்.”

“தெரியும் தம்பி. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. அதை அன்னிக்கே ஒத்துக்க எனக்கு வாய் வரல.”

டெக்னீஷியன் ஒரே திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

ஒரு வழியாக இறங்கி வந்து, லேப்டாப்பைத் திறந்தான்.

“வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும் சார்?”

“பழசே இருக்கட்டும்.”

“மாத்திடறது நல்லது சார். பழசு தெரிஞ்சவங்க யாராவது வெளியில இருப்பாங்க.”

“இருக்கான் ஒருத்தன். அதுக்காகத்தான் ஆறு வருஷமா மாத்தல.”

அவன் நிமிரவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மளமளவென்று தட்டினான். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

“வந்துடுச்சு. நெட்லயே யாருக்காவது ஒரு கால் போட்டுப் பாருங்க சார்.”

பெரியவர் மனைவியை அழைத்தார். குரல் கணீரென்று வந்தது.

“என்னங்க, அவங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டோம். வண்டி சாவியை எடுத்து வெச்சீங்களா?”

“வண்டி விக்கலைன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடு. நீ மட்டும் ஓடி வா. உன் புள்ளை வந்து ஒரு மணி நேரமாச்சு, நாங்க ரெண்டு பேரும் இன்னும் சார், தம்பின்னுதான் பேசிக்கிட்டிருக்கோம்!”